நுளம்பு ஒழிப்புக் கந்தோரின் தண்ணீர் விசாரணை

மட்டக்களப்பு வாவிக் கரையில், காத்தான்குடிக்குத் தெற்கே, 1938ஆம் ஆண்டில் ஒரு கொட்டில் இருந்தது. தென்னோலை வேய்ந்த சாதாரணக் கொட்டில்தான். ஆனால் அதன் வாசலில் தொங்கிய பலகை கதவைவிடப் பெரியது. ‘நுளம்பு ஒழிப்புக் கந்தோர், கிழக்குப் பகுதிக் கலவை நிலையம். அனுமதியின்றி எவரும் உட்பிரவேசிக்கலாகாது.’ அனுமதியோடு உட்பிரவேசித்த ஒன்பது பேரின் கதை இது. சொல்லும்போது எனக்கு இடையிடையே கோபம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் வந்த மலேரியாக் காய்ச்சலில் நாடெங்கும் சனம் செத்து மடிந்த பிறகுதான் மேலிடத்துக்கு நுளம்பின் மேல் பகை பிறந்தது; அந்தக் கொசுவை ஒழிக்க அரசாங்க அலுவலகமாகக் கந்தோரும் பிறந்தது. கொழும்பிலிருந்து தகர டின்களில் பச்சைத்தூள் வரத் தொடங்கியது. கிளிப்பிள்ளையின் சிறகு நிறம், பார்க்க நல்ல அழகு. உள்ளே இருப்பது பாஷாணம். ஒரு படி தூளுக்கு நூறு படி சலித்த தெருப்புழுதி சேர்த்து, மரத்தொட்டியில் கொட்டி, கையால் பிசறி, சாக்கில் அடைத்துக் கொண்டுபோய்க் குளம் குட்டைகளிலும் வயல்வட்டைக் குழிகளிலும் வீசினால், தண்ணீரின் மேலே மிதக்கும் நுளம்புப் புழுக்கள் அதைத் தின்று செத்துவிடும். கையால் பிசறுகிறவனுக்கு என்ன ஆகும் என்பது பற்றிச் செய்முறைப் புத்தகத்தில் எதுவும் எழுதப்படவில்லை. புத்தகம் நுளம்பைப் பற்றியது.

சீனித்தம்பி அந்தத் தொட்டியில் பிசறுகிறவன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள், காலையில் தோணியில் வாவியைக் கடந்து வருவான். காலை ஏழு மணிக்குத் தொட்டியில் கை வைத்தால் மாலை நாலு மணிக்குத்தான் எடுப்பான். வேர்வையில் தூள் ஒட்டும், ஒட்டிய இடம் அரிக்கும், அரித்த இடம் புண்ணாகும். நான்கே மாதத்தில் விரல் இடுக்குகளெல்லாம் வெடித்துவிட்டன. சோற்றிலுள்ள மிளகாய் புண்ணில் பட்டால் உயிர் போகும் என்று மனைவி கண்ணகை அவனுக்கு மட்டும் வெள்ளைக்கறி வைத்தாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எட்டு மாதப் பெண்பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தது. ஒருநாள் வந்த ஆசைக்கு அவளைத் தூக்கினான். மறுநாள் பிள்ளையின் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் செந்தடிப்பாகக் கிளம்பியது. அதன் பிறகு கண்ணகை அவனைப் படலையடியிலேயே மறித்தாள்.

“கைய வெளியில வெச்சிற்று உள்ள வாங்க” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள், ஆனால் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கழுவலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் கழுவினான். ஒன்பது மணி நேரம் தோலில் ஊறியது வீட்டுக் கிணற்றுக்கு அஞ்சி ஓடிவிடுமா? கொட்டிலிலேயே, சாப்பாட்டுக்கு முன்னும் வேலை முடிந்த கையோடும் கழுவ வேண்டும். அதற்குத் தண்ணீர் இல்லை. வாவித் தண்ணீர் உவர், புண்ணில் பட்டால் தீ. நல்ல தண்ணீர்க் கிணறு கொட்டிலை மேற்பார்க்கும் ஓவசியரின் பங்களாவில் கால் மைலுக்கு அப்பால் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். கிணற்றுக்குப் போய்வரப் பதினைந்து நிமிடம். கழுவுவதா சாப்பிடுவதா என்று ஒவ்வொருவனும் தன் விருப்பப்படி தீர்மானித்துக்கொள்ளலாம், கந்தோர் அதில் தலையிடாது. குடம், பானை எதுவும் கொட்டிலுக்குக் கொண்டுவரக் கூடாது. திறந்த பாத்திரத்தில் நுளம்பு முட்டையிடும். தக்கை அடைத்த போத்தலில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரலாம். அதில் கை கழுவினால் பிறகு குடிக்க எச்சில்தான் மிச்சம்.

அதே தொட்டியில் பிசறிய அசனார் காத்தான்குடிக்காரன். அவனுக்கும் அவனோடு வந்த மூன்று பேருக்கும் கையில் ஒரு பொட்டுப் புண் கிடையாது. காரணம் ஊருக்கே தெரியும். மதியமும் பின்னேரமும் தொழுகைக்கு என்று கந்தோர் அவர்களுக்குக் கால்மணி நேரம் விட்டிருந்தது. பக்கத்துச் சிறு தொழுகையிடமான தைக்காவின் தண்ணீர்த் தொட்டியில் முகம், முழங்கை வரை கை, கால் எல்லாம் கழுவி ஒளு எடுத்த பிறகுதான் தொழுவார்கள். தூளும் அதோடு போய்விடும்.

அசனார் ஒருநாள் சீனித்தம்பியையும் கூப்பிட்டான். கை கழுவுகிற தண்ணீரில் உன்னுடையது என்னுடையது இல்லை, வா மச்சான் என்றான். ஓவசியர் நல்லரத்தினம் வாசலில் மறித்துவிட்டார். தொழுகைக்குத்தான் அனுமதி, கழுவுவதற்கு அல்ல என்றார். நல்லரத்தினம் கெட்ட மனிதர் இல்லை. சட்டம் படித்த மனிதர்.

ஆகவே மனு எழுதப்பட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்தார். கேட்டது மூன்று: ஒரு பீப்பாய்த் தண்ணீர், ஒரு கட்டிச் சவுக்காரம், கழுவப் பத்து நிமிடம். ஒன்பது பேரும் பெருவிரல் ஒற்றினார்கள். மனுவில் தூள் படிந்திருந்தபடியால் ஓவசியர் கையுறை போட்டுக்கொண்டு அதை வாசித்தார். தொழிலாளருக்கென்று கொழும்பிலிருந்து வந்த ஒரே ஒரு சோடிக் கையுறை அது. ஒன்பது பேருக்கு ஒரு சோடியை எப்படிப் பங்கிடுவது என்று தெரியாமல், சண்டை வராதிருக்க அவரே போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தண்ணீர் வரவில்லை. விசாரணைக் குழு வந்தது. ‘தொழிலாளர் மீது தூள் படிதலைப் பாதிக்கும் காரணிகளை ஆராயும் குழு’ என்பது அதன் பெயர். தலைவர் டொக்டர் அழகரத்தினம் சீமையில் படித்தவர். இரண்டாவது உறுப்பினர் எழுதுவார். மூன்றாவது உறுப்பினர் ஆமோதிப்பார். மோட்டார்க் காரில் வந்து இறங்கி, தொட்டியின் தூள் காற்றில் வராத பக்கமாக முப்பது முழத்தில் நாற்காலி போடச் சொன்னார்கள்.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. சீனித்தம்பியிடம் கேட்ட கேள்விகள் அறிக்கையில் இருக்கின்றன, நான் கைச்சரக்குச் சேர்க்கவில்லை. நீ வேலை நேரத்தில் மூச்சு விடுவதுண்டா? மூக்காலா வாயாலா? வீட்டிலும் விடுவாயா? வேர்ப்பது பரம்பரை வழக்கமா, வேலைக்குச் சேர்ந்த பின் பழகியதா? உன் தகப்பனுக்குக் கை இருந்ததா?

இருந்தது என்றான் சீனித்தம்பி. அதில் புண் இருந்ததா என்று கேட்டார்கள். அவர் வயல் செய்தவர், புண் இருக்கவில்லை என்றான். அப்படியானால் இது பரம்பரை நோய் அல்ல என்று இரண்டாவது உறுப்பினர் எழுதிக்கொண்டார். மூன்றாவது உறுப்பினர் ஆமோதித்தார்.

பிறகு ஒன்பது பேரையும் கை நீட்டி வரிசையாக நிற்கவைத்தார்கள். ஐந்து சோடிக் கை புண். நான்கு சோடிக் கை சுத்தம். டொக்டர் அழகரத்தினத்தின் முகம் மலர்ந்தது. பெயர்களைக் கேட்டார். புண் கைகள் எல்லாம் சைவர்கள், சுத்தக் கைகள் எல்லாம் முஸ்லிம்கள்.

அசனார் ஒரு அடி முன்னால் வந்தான். “ஐயா, நாங்க நாளைக்கு ரெண்டுதரம் போய்க் கழுவுற. இவனுகளுக்குக் கழுவத் தண்ணி இல்ல. அவ்வளவுதான் விசயம். இதுக்கு இவ்வளவு தூரம் நீங்க மினக்கெட்டு வந்திருக்கத் தேவையில்ல.”

தலைவர் அன்போடு சிரித்தார். “தம்பி, விஞ்ஞானம் அப்படி அவசரப்படாது. தண்ணீர் என்பது இரு சாராருக்கும் பொதுவானது. பார், ஒரு வாவியே பக்கத்தில் கிடக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக உள்ள ஒன்று வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது. ஆகவே தண்ணீர் காரணி அல்ல. வேறுபாடு எதில் இருக்கிறது? மதத்தில். ஆகவே காரணி மதம்.”

மூன்றாவது உறுப்பினர் இருமுறை ஆமோதித்தார். தனக்கு அப்போது தலை சுற்றியது என்றும், அது தூளாலா பேச்சாலா என்று தெரியவில்லை என்றும் சீனித்தம்பி பிறகு சொன்னான்.

ஒரு மாதத்தில் கட்டளை வந்தது. பச்சைத்தூள் இயல்பாகவே முஸ்லிம்களைத் தாக்காதிருப்பதால் இனிக் கலவை வேலை முழுவதும் அவர்களுக்கு. மற்ற ஐவரும் வீசும் வேலைக்கு. தொட்டியில் கலவையைப் பாதியில் விட்டுப் போனால் தூள் அடியில் தங்கிவிடும் என்பதால், பகல் தொழுகைகளுக்கு விட்ட நேரம் ரத்து. வேலை முடிந்த பின் எத்தனை வேளை வேண்டுமானாலும் தொழுதுகொள்ளலாம், கந்தோர் மத விஷயத்தில் தாராளமானது.

வீசப் போன ஐவருக்கும் ஒரு சுற்றறிக்கை கொடுக்கப்பட்டது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று வீசுக, அப்போது தூள் வீசுகிறவன் மேல் படாது என்று அதில் இருந்தது. கொழும்பில் எழுதிய சுற்றறிக்கை. கொழும்பில் கச்சான் கடலிலிருந்து வரும். மட்டக்களப்பில் கடல் கிழக்கே இருக்கிறது, கச்சான் மேற்கே காட்டிலிருந்து சுட்டுக்கொண்டு வருகிறது. கடலுக்கு முதுகைக் காட்டி வீசிய ஒவ்வொரு பிடி தூளும் வீசியவன் முகத்துக்கே திரும்பி வந்தது. சீனித்தம்பி மறுபக்கம் திரும்பி நின்று வீசினான். ஓவசியர் அதைப் பிழை என்று எழுதினார். காற்று பிழையாக அடிக்கிறது ஐயா என்றான் சீனித்தம்பி. காற்றைப் பற்றி முறைப்பாடு இருந்தால் தனி மனுவாக எழுதித் தா என்றார் நல்லரத்தினம்.

ஒன்றரை மாதத்தில், சரியாக ஆறு கிழமையில், அசனாரின் விரல் இடுக்குகள் வெடித்தன. அவனுடைய கூட்டாளிகள் மூவருக்கும் அப்படியே. வீசப் போன ஐவருக்கும் கையோடு கண்ணும் சிவந்தது. இப்போது ஒன்பது பேரும் ஒன்றாகிவிட்டார்கள். மதக் காரணி பொய்யாகிவிட்டதே, குழு வெட்கப்படும் என்று இதைக் கேட்டபோது நான் நினைத்தேன். குழு என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது.

குழு இரண்டாம் முறை வந்தது. அசனாரின் கையைத் தூரத்திலிருந்து பார்த்த தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். காரணி மாறவில்லை, அளவுதான் குறைந்திருக்கிறது, இவர்களுடைய பக்தி தளர்ந்துவிட்டது என்று எழுதச் சொன்னார். அதை உறுதிப்படுத்த, பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயருக்கும், சைவர் பக்கத்தையும் விட்டுவிடாமல் கோயில் அறங்காவலரான வண்ணக்கருக்கும் கடிதம் போனது. உங்கள் சமூகத்தவரான மேற்படி தொழிலாளரின் பக்தி கடந்த ஆறு கிழமையில் எவ்வளவு வீதம் குறைந்துள்ளது என்பதைத் தயவுசெய்து அறியத்தரவும்.

அசனார் அன்று தொட்டியை ஓங்கி உதைத்தான். “என்ட ஈமானை அளக்க இவன் ஆரு? கழுவ விடாம மறிச்சவனும் இவன்தான், மறுகா கை அழுகினா அல்லாவில குத்தம் சொல்றவனும் இவன்தான்” என்றான். அவன் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னான், அதனால்தான் எல்லாரும் கேட்டார்கள்.

இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. மரைக்காயரும் வண்ணக்கரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியிருக்க வழியே இல்லை, நடுவில் வாவி கிடக்கிறது. ஆனாலும் இருவரும் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: கை கழுவத் தண்ணீர் வையுங்கள். வெவ்வேறு மதத்தவர் ஒரே சொல்லைச் சொல்வது இயற்கைக்கு மாறானது, முன்கூட்டியே பேசிவைத்த சாட்சியம் என்று குழு இரண்டு கடிதங்களையும் தள்ளுபடி செய்தது. ஆனாலும் மத விவகாரம் பெருத்தால் சட்டசபையில் கேள்வி வரும் என்று யாரோ பயங்காட்டியிருக்க வேண்டும். காரணி அல்ல என்று மீண்டும் வலியுறுத்திக்கொண்டே, நல்லெண்ண அடையாளமாக ஒரு பீப்பாய்த் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது.

பீப்பாய் வந்த நாளைச் சீனித்தம்பி கடைசிவரை மறக்கவில்லை. மாட்டுவண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். நான்கு நாள் ஒன்பது பேரும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னேரமும் சிரட்டையால் அள்ளி அள்ளிக் கழுவினார்கள். சவுக்காரம் அனுமதிக்கப்படவில்லை, அது இரண்டாம் கட்டம். இருந்தாலும் நாலாம் நாள் அரிப்பு அடங்கிற்று. அன்று கண்ணகை அவன் கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கொடுத்தாள். பிள்ளை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. அவன் அழுதுவிட்டான்.

ஐந்தாம் நாள் காலை ஓவசியர் கையுறையோடு பீப்பாயின் பக்கத்தில் நின்றார். கையில் பச்சைத்தூள் டின் இருந்தது. நான்கு நாளுக்கு மேல் திறந்து கிடக்கும் எந்தத் தண்ணீருக்கும் தூள் போட வேண்டும் என்பது கந்தோரின் முதலாவது விதி என்றார். அந்த விதிக்காகத்தான் கந்தோரே இருக்கிறது.

“ஐயா, இது நாங்க தூளைக் கழுவுற தண்ணி” என்றான் சீனித்தம்பி.

“எனக்குத் தெரியாதா? ஆனா நுளம்புக்குத் தெரியாதே. நுளம்பு ஒழிப்புக் கந்தோரிலேயே தூள் போடாத தண்ணி கிடந்தா நாளைக்கு ஊரான் கிணத்தில நாங்க எந்த முகத்தோட போடுற?”

தினமும் கவிழ்த்துப் புதிதாக நிரப்பலாமே என்றான் சீனித்தம்பி. நிரப்புகிறவன் பதவிக்கு அனுமதி இல்லை. மூடி போடலாமே என்றான் அசனார். பீப்பாய்க்குத்தான் அனுமதி வந்தது, மூடி வேறு பொருள். அப்படியானால் தூளை நீங்களே போடுங்கள், நாங்கள் போடமாட்டோம் என்றார்கள் இருவரும். அவரே போட்டார். கடமை தவறாதவர். பச்சை ஆடை மெல்லியதாகத் தண்ணீரின் மேல் படர்ந்தது. பின்னேரம் ஒரு பலகையும் தொங்கிற்று: ‘கை கழுவும் நீர். நஞ்சு. தொடலாகாது.’

மூன்றாம் முறை குழு அறிக்கையை வாசிக்க வந்தது. ஒன்பது பேரும் வெயிலில் நின்றார்கள். தலைவர் தொட்டியின் அருகிலேயே வந்து நின்று பேசினார். காரணிகள் பதினொன்று. காற்று, வேர்வை, பக்தி, கையின் பருமன், சோம்பல் என்று போயிற்று. தண்ணீர் இல்லை. பேச்சின் உச்சத்தில், தூளில் குற்றம் இல்லை, பயத்தில்தான் குற்றம் என்பதைக் காட்ட, தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உயர்த்திப் பிடித்தார்.

“பாருங்கள். இதோ நான் பிடித்திருக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?”

கச்சான் அப்போது பார்த்துத்தான் ஓர் அடி அடித்தது. பிடி முழுவதும் அவர் முகத்திலும் கோட்டிலும் படிந்தது. தலைவர் காரை நோக்கி ஓடிய ஓட்டம் அவர் வயதுக்கு அதிகம். சாரதி ஒரு கேத்தல் தண்ணீரும் வாசனைச் சவுக்காரமும் எடுத்துக் கொடுத்தான். பக்கத்தில் நின்ற சீனித்தம்பியை ஊற்றச் சொன்னார். விரல் விரலாக, முழங்கை வரை, பிறகு முகம், காதுமடல். இவ்வளவு நேர்த்தியாகக் கழுவுகிறவரை அவன் கண்டதில்லை.

“நல்லாய் ஊற்று. இந்தச் சனியன் தோலில் ஐந்து நிமிடம் இருந்தாலே போதும்” என்றார் தலைவர்.

சீனித்தம்பியின் கை நின்றது. கேத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது. ஏழு மாதமாக அவன் கேட்டது இவ்வளவுதான். அவன் கேத்தலைத் தன் கைமேல் சரித்தான். அசனாரும் வந்து கையை நீட்டினான். கேத்தல் காலியானது.

கண் இரண்டும் சவுக்கார நுரையில் மூடியிருந்த தலைவர், தண்ணி, தண்ணி என்று கையால் துழாவிக்கொண்டு போனார். கை பீப்பாயில் பட்டது. சீனித்தம்பி கேத்தலைப் போட்டுவிட்டு ஓடி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

“ஐயா, வேணாம், அதில—”

“என்னைத் தொடாதே, புண் கை” என்று தலைவர் உதறினார்.

சீனித்தம்பி கையை எடுத்துவிட்டான். தலைவர் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மூன்றாவது உறுப்பினர் முதன்முறையாக எதையும் ஆமோதிக்கவில்லை.

தலைவருடைய கண் இரண்டு கிழமை திறக்கவில்லை என்று கேள்வி. அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் அடுத்த மாதமே கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து கொட்டிலின் பக்கத்தில் கல் கட்டிய கிணறு ஒன்று தோண்டினார்கள். மணல் தரை, பத்தடியில் நல்ல தண்ணீர். பலகை மூடி, பித்தளைப் பூட்டு, வாளி, கயிறு, ஒரு பெட்டி சவுக்காரம். மூடி இருந்தபடியால் தூள் போடும் விதி அதற்கு இல்லை. வருகை தரும் அதிகாரிகளின் பாவனைக்கு மட்டும் என்று எழுதி, கை கழுவும் ஒவ்வொரு அதிகாரியும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று ஒரு தடித்த புத்தகமும் தந்தார்கள். கூடவே இன்னொரு கட்டளையும் வந்தது: ஆபத்தான இடமாகையால் அதிகாரிகள் எவரும் இனிக் கலவை நிலையத்துக்குப் போகலாகாது.

ஒரு மாதம் கிணறு பூட்டிக் கிடந்தது. ஒரு மத்தியானம் சீனித்தம்பி கோடரியை எடுத்துக்கொண்டு அதனருகில் போனான். அசனார் கூடப் போனான். மற்ற ஏழு பேரும் பின்னால் நின்றார்கள். நல்லரத்தினம் ஓடிவந்தார். அவருடைய கையுறை கிழிந்து மூன்று கிழமையாகிவிட்டது, புதிய சோடி வரவில்லை. சாவியைப் பிடித்திருந்த விரல்களின் இடுக்கில் செக்கச் செவேலென்று புண் வெடித்திருந்தது. அவனும் அதைப் பார்த்தான், அவரும் அவன் பார்த்ததைப் பார்த்தார்.

“வேலைய விட்டுத் தூக்கிற எண்டா தூக்குங்க ஐயா. எனக்கு என்ட பிள்ளையத் தூக்கோணும்” என்றான் சீனித்தம்பி.

அவர் பூட்டைத் திறந்தார். முதல் வாளியைச் சீனித்தம்பி இழுத்து அவர் கையில்தான் ஊற்றினான். பிறகு ஒன்பது பேரும் சவுக்காரம் போட்டுக் கழுவினார்கள். எல்லாம் முடிந்ததும் நல்லரத்தினம் புத்தகத்தை விரித்து, ஈரக் கையைத் துடைத்து, பேனாவில் மை தொட்டு எழுதினார்: ‘இன்று வருகை தந்து கை கழுவிய அதிகாரிகள், பத்து.’

அடுத்த நாளும் அப்படியே எழுதினார். அதற்குப் பிறகு கொட்டில் இருந்த இரண்டு வருடமும் எழுதினார். புண்கள் ஆறின. தடைசெய்யப்பட்ட இடத்துக்கு இத்தனை அதிகாரிகள் எப்படி வருகிறார்கள் என்று கொழும்பில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் புத்தகம் இன்றும் எங்காவது கிடக்கும். அதில் ஆயிரக்கணக்கான அதிகாரிகள் கை கழுவியிருக்கிறார்கள். தொழிலாளி ஒருவன்கூடக் கழுவியதாக ஒரு வரி கிடையாது.